மெஷின் ஓடும்போது மட்டும்

அந்தப் பொதுச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மூத்தவள் தான்தான் என்பாள், இளையவள் தான்தான் என்பாள். யார் வைத்திருந்தாலும் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். காலையில் சுவிட்சைப் போட்டதிலிருந்து ஓயாத முனகல், நடுவில் காரணமே இல்லாமல் ஒரு கோபம், அடியில் சதா ஒழுகுகிற தண்ணீர். எவ்வளவு செய்தாலும் திருப்தி கிடையாது. போதாததற்கு ஊழியம் செய்ய இரண்டு மருமகள்கள் வேறு.

இருவரும் நிஜமாகவே ஒரு வீட்டு மருமகள்கள்தான். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். நிஜ மாமியார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்த அம்மாள் போனதோடு வீடும் இரண்டாகப் போயிற்று.

காரணத்தைக் கேட்டால் இதற்கா என்று தோன்றும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பிக்குப் போன் செய்ததாக அண்ணன் சொன்னான். போனே வரவில்லை என்று தம்பி சொன்னான். அவன் வந்து சேர்வதற்குள் அம்மாவின் முகத்தை மூடிவிட்டார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று இவனும், போனை எடுக்காதது யார் குற்றம் என்று அவனும் கத்திக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் போய் முடிவதற்குள் கொத்தனார் வந்து கூடத்தின் நடுவே சுவர் எழுப்பிவிட்டார். ஒரு வாசல் இரண்டு வாசலாயிற்று. இனி அந்தப் பக்கத்தோடு பேச்சுவார்த்தை கூடாது என்று அண்ணன் தன் பெண்டாட்டியிடம் கண்டிப்பாகச் சொன்னான். ஒரு வார்த்தை மாறாமல் தம்பியும் தன் பெண்டாட்டியிடம் அதையே சொன்னான். அண்ணன் தம்பி ஒற்றுமை அந்த ஒரு விஷயத்தில்தான் மிஞ்சியது.

ஆனால் பெண்கள் இருவரும் அதற்கு முன்பிருந்தே இந்தச் சமையற்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். இல்லாதவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிற இடம். வேலையை விடச் சொல்ல இரண்டு வீட்டிலும் வசதி போதாது. ஆகவே உத்தரவில் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்குப் போகலாம், பேசக் கூடாது. இப்படி ஓர் உத்தரவு போட்டவர்கள் வாழ்க்கையில் ஒரு தட்டாவது கழுவியிருக்க மாட்டார்கள்.

மாமியாரிடம் தனி ஆள் வேலை செய்ய முடியாது. மூடிப்போன ஏதோ ஓட்டலிலிருந்து பழையதாக வந்து சேர்ந்த மெஷின் அது. ஆள் உயரத்தில் இரும்புப் பெட்டி. அதன் மேல்மூடியைத் தூக்கி, அழுக்குத் தட்டுகள் அடுக்கிய கூடையை ஒரு பக்கத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். கழுவி முடித்ததும் மறுபக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். மூடியைத் தாங்கும் ஸ்பிரிங் எப்போதோ அறுந்துவிட்டது. இதற்கு ஸ்பேர் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டு, கம்பியும் சைக்கிள் டியூபும் வைத்துக் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துத் தூக்கினால்தான் மூடி எழும்பும்.

மூடியைப் போட்டுவிட்டால் பிடிக்கும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்த இரைச்சலில்தான் அவர்கள் பேசினார்கள். மெஷின் நின்றால் பேச்சும் நின்றுவிடும். ஏனென்றால் கழுவும் அறையின் ஜன்னலுக்கு அந்தப்புறம் தலைமைச் சமையல்காரி நின்றிருப்பாள். இவர்கள் தெருக்காரி. ஒரு வீட்டுச் சேதி மறுவீட்டுக்குப் போக அவள் வாய்க்கு அரை நாள் அதிகம். அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது இளையவள்தான், அதில் தகராறு இல்லை.

அதனால் அவர்களுடைய பேச்சு முழுக்கத் துண்டு துண்டாகத்தான் நடக்கும். மூத்தவளின் மகளை வேலைக்காக நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கதையை மூத்தவள் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. “உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்லிட்டு” என்பதில் மெஷின் நின்றது. தூக்கினார்கள், கூடையை மாற்றினார்கள், ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், மூடினார்கள். “என்ன கேட்டாங்க தெரியுமா” என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அந்தப் பெண் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் இப்படித்தான் தெரிந்தது. பெரியவருக்கு, அதாவது மூத்தவளின் புருஷனுக்கு, சர்க்கரை கூடியதும், முட்டி தேய்ந்ததும், இளையவளின் புருஷன் பிரிண்டிங் பிரஸ்ஸில் இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததும் எல்லாம் இந்த இரைச்சலுக்குள் போய் வந்த சேதிகள்தான்.

வேலை முடிந்ததும் மூத்தவள் முதல் பஸ்ஸில் போவாள். இளையவள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். ஒரே தெரு, ஒட்டிய வாசல், ஆனால் சேர்ந்து நடந்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது. நின்று நின்று வீங்கிய காலோடு அந்த அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதுதான் அவளுக்கு அன்றைய வேலையிலேயே பெரிய வேலை.

கொஞ்ச நாளாக இளையவளின் வலது தோள் தூக்க விடவில்லை. வெந்நீரும் சோப்பும் விரலிடுக்கைத் தின்றுவிட்டதைப் பழகிக்கொண்டாள், தோளைப் பழகிக்கொள்ள முடியவில்லை. டாக்டர் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார். எதைத் தூக்கக் கூடாது என்று கேட்டாள். எதையுமே என்றார். சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் மேனேஜர் கழுவும் அறைக்கு வந்தார். எதைக் கேட்டாலும் “ஆகட்டும், பாப்போம்” என்று சொல்வதால் அவருக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயர். அன்றைக்கு அவருக்கு வாயெல்லாம் பல். ஒரு ஜவுளிக் கடைக்காரர் புது மெஷின் வாங்கித் தருகிறாராம். பட்டனை அமுக்கினால் மூடி தானே ஏறும், தானே இறங்கும். சத்தம் இருக்காது. ஓர் ஆள் போதும். யாருக்கும் வேலை போகாது, ஏனென்றால் சாயங்காலமும் சாப்பாடு போடப் போகிறார்கள். ஒருத்தர் காலை, ஒருத்தர் சாயங்காலம். கடைக்காரர் கொஞ்சம் விவரமான மனுஷர். மெஷின் வேண்டும் என்று வேலை செய்கிறவர்களே தன்னிடம் நேரில் சொன்னால்தான் தருவேன், இல்லாவிட்டால் பெரிய ஃப்ரிட்ஜ் என்று சொல்லிவிட்டாராம். இந்த வாரம் அவரே வந்து கேட்பார் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். தலையில் இடியை இறக்கிவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மூடியைப் போட்டதும் மூத்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“வேண்டாம்னு சொல்லிடு.”

“அக்கா, என் தோளு...”

“எனக்கும்தான் மணிக்கட்டு போச்சு. போனாப் போகுது. வீட்ல அந்த மனுஷன் வாயத் திறந்தா சோறு, மூடினா தூக்கம். பொண்ணு ஊருக்குப் போயாச்சு. இதுவும் போயிட்டா நான் யாருகிட்டடி பேசுவேன்?”

மெஷின் நின்றது. தூக்கினார்கள். இளையவளுக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை சுரீர் என்றது. மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த இரைச்சல் வந்ததும், சரிக்கா, பழசே இருக்கட்டும் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். மூத்தவள் சொன்னதில் பாதி அவளுக்கும் உண்டு. அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் பிரஸ்ஸிலிருந்து முன்னதாகவே வந்து டீ போட்டு வைத்திருந்தான். ஆள் கெட்டவனில்லை. வீம்பு ஒன்றுதான் ஜாஸ்தி. டீயைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் எதிரில் உட்கார்ந்தான். அவளும் வழக்கம்போல் வேலையிடத்துக் கதையைச் சொன்னாள். புது மெஷின் தருகிறார்களாம், ஓர் ஆள் போதுமாம், ஷிஃப்ட் போடுவார்களாம். அவ்வளவுதான் சொன்னாள்.

“புதுசு எதுக்கு? பழசே இருக்கட்டுமே” என்றான் அவன். அவளுடைய சமையற்கூடத்தின் மெஷின்மேல் அவனுக்கு இத்தனை அக்கறையா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்தபடியே மேலே சொன்னான். “புதுசு வந்தா நீ காலைல, அண்ணி சாயங்காலம்னு ஆயிடும். அப்புறம் அங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?”

அண்ணி. சுவர் எழும்பிய நாளிலிருந்து அந்த வார்த்தை இந்தப் பக்கத்தில் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

“நாங்க பேசிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாம என்ன. கூட வேலை பாக்குற ஒரு அம்மா வீட்டுக்காரருக்குச் சுகர் கூடிடுச்சுன்னே. முட்டி வலின்னே. பொண்ணு வெளியூருக்கு வேலைக்குப் போயிடுச்சுன்னே. மாத்திரை போட மறந்துட்டு அதுக்கும் ஊரத் திட்டுறாருன்னே. எங்க அண்ணனத் தவிர உலகத்துல எவன் அப்படித் திட்டுவான்?”

தினமும் அவன்தான் கேட்பான். அந்த அம்மா வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறதாம் என்று சாப்பாட்டுக்கு நடுவே போகிற போக்கில் கேட்பான். முகம் தெரியாத மனுஷனுக்காக இத்தனை இரக்கப்படுகிறானே என்று அவள் உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டிருக்கிறாள். அந்தப் பெருமையை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எத்தனை பஸ்ஸை ஏறாமல் விட்டுவிட்டுக் காத்து நின்றிருக்கிறாள். எத்தனை பேச்சைப் பாதியில் விழுங்கியிருக்கிறாள். தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று எத்தனை நாள் பயந்து பயந்து வாசல்படி ஏறியிருக்கிறாள். இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பயப்பட விட்டிருக்கிறான். கௌரவமும் கெடவில்லை, சேதியும் நிற்கவில்லை. நடுவில் தூக்கித் தூக்கிப் போனது அவள் தோள்தான்.

சண்டை போடத் தெம்பில்லை. தோள் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மருந்து தேய்த்து விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

மறுநாள் முதல் கூடை உள்ளே போனதும் மூத்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டாவது கூடை உள்ளே போனதும் மூத்தவள் சொன்னாள்.

“எங்க வீட்லயும்தான்டி. உன் கூட வேலை செய்ற பொண்ணு வீட்டுக்காரரு இன்னும் அந்தப் பிரஸ்லயேதான் இருக்காரா, மை வாடை ஒத்துக்காதேன்னு போன வாரம் கேட்டாரு. பிரஸ்னு நான் சொன்னதே இல்ல.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ரேடியோ ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடித்தபோது இளையவளுக்கு இருந்த கொஞ்சம் தெம்பும் போயிருந்தது.

“அக்கா, புதுசே வரட்டும்க்கா.”

“நேத்து சரின்னியே.”

“நேத்து எனக்கு இது தெரியாது. நாம இங்க பேசுறதாலதான் அவங்க அங்க பேசாமலே இருக்க முடியுது. சொகமா இருக்காங்க ரெண்டு பேரும். நான் இனிமே சுமக்க மாட்டேன்.”

“அவங்க எக்கேடும் கெடட்டும். எனக்கு நீ வேணும். அதுக்கு என்ன சொல்றே?”

மெஷின் நின்றது. அடுத்த முறை ஓடியபோது இளையவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டு அடுக்கினாள். அதற்கடுத்த கூடைக்கும் அப்படியே. மெஷின் இரைந்துகொண்டிருக்க, அவர்கள் பேசாமல் நின்றது அன்றுதான் முதல் தடவை.

ஜவுளிக் கடைக்காரர் வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று மூடியைத் தூக்கப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்று விட்டுவிட்டார். பிறகு இவர்களைப் பார்த்து, உங்களுக்கு எது வேண்டும், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். மெஷின் ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது. ஜன்னலில் ரேடியோ நின்றிருந்தாள்.

மூத்தவள் முந்திக்கொண்டாள். “பழசே நல்லாத்தான் இருக்கு. பழகின கை.”

எல்லோரும் இளையவளைப் பார்த்தார்கள்.

“புதுசு வேணும். என்னால தூக்க முடியல.”

இரண்டு பேர் தூக்கினால்தான் எழும்பும் மூடியை ஒருத்தி தூக்க மாட்டேன் என்றால், மற்றவளின் வார்த்தைக்கு மதிப்பேது? அது மூத்தவளுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் இளையவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே நிற்க முடியாமல் இளையவள் தட்டுகளைப் பார்த்தாள். மேனேஜர் ஆகட்டும் என்றார்.

அடுத்த வாரமே நாலு ஆட்கள் வந்து மாமியாரைப் பெயர்த்தெடுத்தார்கள். போகிற வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டே போயிற்று. மூத்தவள் சாயங்கால வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இளையவள் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கிளம்பியிருப்பாள். பஸ் நிறுத்தத்தில்கூடச் சந்திக்க முடியாது.

புது மெஷினில் ஒரு விரலால் பட்டனைத் தொட்டாள். மூடி தானே ஏறியது. கூடையைத் தள்ளினாள். மூடி தானே இறங்கியது. தோள் வலிக்கவில்லை. எதிரே யாருமில்லை. சொல்ல நிறைய இருந்தது, கேட்க ஆளில்லை. தான் செய்தது சரிதானா என்று அந்த முதல் நாளே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அழுகை முட்டியது. மெஷினுக்குச் சத்தமில்லாததால் அதையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் அவள் புருஷன் சில நாள் பொறுத்தான். டீ போட்டுக் கொடுத்தான், எதிரில் உட்கார்ந்தான், தொண்டையைச் செருமினான், எழுந்து போனான். அவளும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டான். அண்ணனுக்கு முட்டியில் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராமே, போட்டாயிற்றா?

“எனக்குத் தெரியாது.”

“அண்ணிகிட்டக் கேக்கலியா?”

“எங்க வச்சுக் கேக்க? அவங்க என் முகத்துலயே முழிக்கிறதில்ல. உங்களால, உங்க அண்ணனால, எனக்குன்னு இருந்த ஒரே ஆளையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். அந்தப் பக்கத்துச் சேதி வேணும்னா நீங்க போய்க் கேளுங்க. நாலு அடிதான். இனிமே எனக்கு முடியாது.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தத் தெம்பில்லை. அவன் பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. எழுந்து முகம் கழுவினான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான். பித்தானைப் போட்டு, கண்ணாடி முன் நின்று தலை வாரினான். பக்கத்து வாசலுக்கு, தான் பிறந்து வளர்ந்த வீட்டின் மற்ற பாதிக்கு, வெளியூர் விருந்தாளி மாதிரி அவன் தயாராவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சுவருக்கு அந்தப்புறம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தரம். நெடுநேரம் கழித்து இன்னொரு தரம்.

“யாரு?” பெரியவரின் குரல். அந்த நேரத்தில் அவர் வீட்டில் தனியாகத்தான் இருப்பார்.

திரும்பி வந்துவிடுவானோ என்று இளையவள் சுவரில் காதை வைத்தாள்.

“நான்தான்” என்றான்.

தாழ்ப்பாள் சட்டென்று திறக்கவில்லை. பெரியவர் காலை இழுத்து இழுத்து நடந்து வருவது கேட்டது. கதவு திறந்தது. ஏன் வந்தாய் என்று கேட்பாரா, அன்றைக்குப் போனை ஏன் எடுக்கவில்லை என்று ஆரம்பிப்பாரா என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“பல்பு போயிடுச்சுடா. இருட்டுலதான் உக்காந்திருக்கேன். ஸ்டூல்ல ஏற முடியல.”

“ஸ்டூலு எங்க?”

ஸ்டூலைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்குமேல் விழித்திருந்து கேட்க இளையவளுக்கு முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கண்ணை மூடினாள்.

கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தாள். இந்தத் தடவை தட்டியது அவள் வீட்டுக் கதவை. சுவருக்கு அந்தப்புறம் இரண்டு ஆண்குரல்கள் எதற்கோ தர்க்கம் செய்துகொண்டிருந்தன. திறந்தாள். வாசலில் மூத்தவள், வேலையிலிருந்து வந்த கோலத்தில், தோளில் பையோடு நின்றிருந்தாள். இந்த வாசலில் அவள் கால் வைத்ததே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் மேல கோபமாத்தான் இருக்கேன்” என்றாள். “தோளு எப்படி இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் வலிக்குதுக்கா.”

மூத்தவள் உள்ளே வந்து, பையை இறக்கிவிட்டு, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பேசுவதற்கு இருவருக்குமே தெம்பில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.